சிறிய ஊரில் ஏழைகளுக்கு வீடு கிடைக்க என்ன வழி? சென்னையைப் பார்த்து அடுக்குமாடி கட்டலாமா?

எங்கள் ஊர் சின்ன நகராட்சி, கூலி வேலைக்காரர்களுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை, சென்னை மாதிரி அடுக்குமாடி கட்டித் தந்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அடுக்குமாடி கடைசி வழி. சென்னையே ஒரு காலத்தில் வேறு வழியில் போய்ப் பார்த்தது. அதில் வந்த வீட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன்.

சென்னை அரும்பாக்கத்தில் எம்.எம்.டி.ஏ. (இன்றைய சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பழைய பெயர்ச் சுருக்கம்) காலனி என்று ஒன்று உண்டு. 1977-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்று இடங்களில் மனை போட்டார்கள். வீடு கட்டித் தரவில்லை. ரோடு, தண்ணீர், சாக்கடை, கரண்ட் எல்லாம் கொண்டுவந்துவிட்டு, மனையைத் தவணையில் கொடுத்தார்கள். பக்கத்திலேயே பெரிய மனைகளையும் கடைகளுக்கான இடத்தையும் வசதி உள்ளவர்களுக்கு நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். எங்கள் தெருவில் மூட்டை தூக்குகிறவரும், இரண்டு தெரு தள்ளி பேங்க் கிளார்க்கும் இருந்தது அப்படித்தான்.

தாத்தா பாரிமுனையில் மூட்டை தூக்கியவர். அவருக்குக் கிடைத்தது கால் கிரவுண்டுகூட (600 சதுர அடி) தேறாத மனை, அதில் ஒரு கக்கூஸ், அதை ஒட்டி ஒரு சுவர். அவ்வளவுதான். அந்தச் சுவரில் சாய்த்துக் கீற்றுக் கொட்டகை போட்டுக் குடியேறினார்கள். ஒரு தீபாவளி போனஸில் கீற்று போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. அப்பா வேலைக்குப் போனதும் காங்கிரீட் போட்டோம். அத்தை கல்யாணத்துக்கு அடகு வைத்த நகையை மீட்ட வருஷம் மேலே ஒரு போர்ஷன் ஏறியது. கையில் காசு வந்தபோதெல்லாம் வீடு ஒரு முழம் வளர்ந்தது என்று பாட்டி சொல்லும். அடுக்குமாடியில் இது நடக்காது. பையனுக்குக் கல்யாணமானால் தடுப்புக்கு ஒரு புடவையைத் தொங்கவிடலாம், அவ்வளவுதான்.

அடுக்குமாடிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். குடிசை மாற்று வாரியம் 1970-ல் வந்தது (2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது). ஆரம்பத்தில் நொச்சிக்குப்பம் போல, குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டினார்கள். தொழில் கெடவில்லை. 2000-க்குப் பிறகு ஆற்றங்கரை, கால்வாய்க்கரை ஜனங்களை ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கிற கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23 ஆயிரத்துக்கும் மேல் வீடுகள். முதலில் கட்டியவை 200 சதுர அடிகூட வராது. பின்னால் அதே பக்கத்தில் பெரும்பாக்கத்தில் கட்டியது எட்டு அடுக்கு.

எங்கள் பக்கத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த ஒரு அக்காவுக்கு அந்தப் பக்கம் வீடு கிடைத்தது. வீடு சொந்தமானது சந்தோஷம்தான். ஆனால் காலை ஆறு மணிக்கு இங்கே வாசல் தெளிக்க வேண்டுமென்றால் நாலு மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாற வேண்டும். ஆறு மாதம் வந்தார், அப்புறம் நின்றுவிட்டார். வாடகை மிச்சமானது, சம்பளமே போனது. 2021-ல் பெண்களுக்குச் சாதாரணப் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்று ஆனது, அது அந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் புது வீட்டைவிடப் பெரிய உதவி என்பேன். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஐ.டி. கம்பெனிகள் பக்கத்திலேயே இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, ஆனால் கண்ணகி நகர் என்று முகவரியைச் சொன்னதும் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். ஏழைகளை மட்டும் ஒரே இடத்தில் அடுக்கினால் அந்த இடத்துக்கே ஒரு பேர் ஒட்டிக்கொள்கிறது.

எங்கள் காலனியில் எல்லாம் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. மனை கிடைத்தவர்களில் எத்தனையோ பேர் விற்றுவிட்டுப் போனார்கள். மாடிப் போர்ஷனுக்கு நாங்களே பத்து மாத அட்வான்ஸ் வாங்கியிருக்கிறோம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொல்கிறது. அந்த 'வேறு ஒப்பந்தம்' என்ற சந்துக்குள்தான் சென்னை ஹவுஸ் ஓனர்கள் எல்லாரும் குடியிருக்கிறோம். ஆனாலும் அந்த மாடியில் ஒரு ஆட்டோக்காரர் குடும்பம் ஒன்பது வருஷம் இருந்தது. அரசு ஒரு பைசா போடாமல் கிடைத்த வாடகை வீடு அது. தெருவுக்குத் தெரு அப்படி மாடிகள் ஏறின.

இன்று சென்னையால் இதைத் திரும்பச் செய்ய முடியாது, ஊருக்குள் அவ்வளவு நிலம் இல்லை. உங்களுக்கு இன்னும் இருக்கும். தாத்தா மனை வாங்கியபோது அரும்பாக்கமே ஊர்க்கோடிதான். பின்னால் கோயம்பேடு மார்க்கெட் வந்தது, பஸ் ஸ்டாண்ட் வந்தது, 2015-ல் மெட்ரோவும் வந்தது. உங்கள் ஊரில் புது பஸ் ஸ்டாண்டுக்கோ உழவர் சந்தைக்கோ எங்கே இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதற்குப் பக்கத்தில் புறம்போக்கு இருந்தால், ரியல் எஸ்டேட்காரர் கொடி நடுவதற்கு முன்னால் நகராட்சி மனை பிரிக்கட்டும். கவுன்சிலரிடம் மனு கொடுப்பதானால் வீடு வேண்டும் என்று எழுதாதீர்கள். சாக்கடை இணைப்போடு மனை வேண்டும் என்று எழுதுங்கள்.