சிமுலேஷனில் ஹம் பூஜ்யம், கிட்டாரில் ஏன் கேட்கிறது?

ஹம்பக்கரை (ஹம் எனும் மின்சார இரைச்சலை நீக்க இரண்டு காயில் வைத்த கிட்டார் பிக்கப்; பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) எல்டிஸ்பைஸ் என்ற மின்சுற்று சிமுலேஷன் மென்பொருளில் வரைந்து, அதிர்வெண்வாரியாகக் கணக்கிடும் ஏசி அனாலிசிஸ் ஓட்டினேன். ஹம் சுத்தமாகக் காணாமல் போய்விட்டது. நிஜத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தானே செய்கிறது?

இரண்டு காயிலையும் அச்சு அசலாக ஒரே மாதிரி வரைந்திருப்பீர்கள். ஹம்முக்கான மின்னழுத்த மூலம் ஒன்றில் 1 வோல்ட், மற்றதில் எதிர்த்திசையில் 1 வோல்ட் என்றால் பூஜ்யம்தான் வரும். ஒரு காயிலின் ஹம் மூலத்தை 0.95 ஆக்கிப் பாருங்கள். மிச்சம் 0.05, அதாவது ஒற்றைக் காயிலைவிட 26 டெசிபல் குறைவு. காயிலின் சுற்று எண்ணிக்கையில் 5 சதவீதம் பிசகினாலே இந்த நிலைமைதான்.

இன்னொன்று. கிட்டார் கம்பியின் சிக்னலையும் ஹம்மையும் ஒரே ஓட்டத்தில் போடாதீர்கள். இரண்டும் கூட்டப்பட்டு, எது எது என்று தெரியாமல் போகும். முதலில் சிக்னல் மூலங்கள் மட்டும், இரண்டும் ஒரே திசையில். அப்புறம் ஹம் மூலங்கள் மட்டும், இரண்டாவது 180 டிகிரி திரும்பியபடி. 1955இல் கிப்சனின் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரின் சாரமே இதுதான்: காந்தத்தையும் சுற்றும் திசையையும் சேர்த்துத் திருப்பினால் கம்பியின் சிக்னல் கூடும். ஹம்முக்குக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை, அதனால் அது மட்டும் கழிந்துபோகும்.

மீட்டரில் ஒரு காயில் 6,000 ஓம், இன்னொன்று 6,600 ஓம் காட்டுகிறது. ஹம் நீங்குவது கெடுமா?

கெடலாம், கெடாமலும் போகலாம். அந்த 600 ஓம் எங்கிருந்து வந்தது, காயில்களை எப்படி இணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சுற்றுகள் சமம், காயிலைச் சுற்றிய கம்பி மட்டும் சற்று மெல்லியது என்று வைத்துக்கொள்வோம். சீரீஸ் இணைப்பில் கவலையே இல்லை. பின்னால் இருக்கும் சுமை ஒரு லட்சம் ஓமுக்கு மேல். 600 ஓம் அதில் எங்கே தெரியப்போகிறது? பேரலலில் கதை வேறு. அங்கே ஒரு காயிலுக்கு இன்னொரு காயிலே சுமை. எதிரெதிர் மின்னழுத்தங்கள் சமமாக இருந்தும், 12,600இல் 600 என்ற கணக்கில் கிட்டத்தட்ட 5 சதவீத ஹம் வெளியே வரும்.

இப்போது சுற்றிய கம்பி ஒன்றே, ஒரு காயிலில் சுற்றுகள் 10 சதவீதம் அதிகம் என்று மாற்றுங்கள். சீரீஸில் அந்த 10 சதவீத ஹம் அப்படியே மிஞ்சும். பேரலலிலோ, கூடுதல் மின்னழுத்தமும் கூடுதல் மின்தடையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, 50 ஹெர்ட்ஸில் ஹம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் அதிர்வெண் ஏறும்போது மின்தடையை இண்டக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்தைக் காயில் எதிர்க்கும் தன்மை) முந்துகிறது. அது சுற்றுகளின் இருமடிப்படி கூடுவதால் அந்தச் சமநிலை குலைகிறது. 2.4 ஹென்றி காயிலுக்கு 1 கிலோஹெர்ட்ஸில் மின்மறுப்பு 15,000 ஓமைத் தொடுகிறது. மிச்சம் மறுபடி 5 சதவீதம். அடிநாத ஹம் போய், கிர்ரென்ற மேல்நாதம் மட்டும் கேட்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே 50 ஹெர்ட்ஸில் ஒரு புள்ளியைப் பார்த்து நிறுத்தாமல், சில கிலோஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இணைத்தும் அவுட்புட்டில் ஒன்றுமே வரவில்லை.

ஆம்பின் உள்ளீட்டு மின்தடையை 1 எம் என்று போட்டிருக்கிறீர்களா? ஸ்பைஸில் எம் என்றால் மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எதுவானாலும் அதேதான். 1 மெக் (பத்து லட்சம் ஓம்) என்று மாற்றுங்கள்.

சிமுலேஷனில் ரெசனன்ஸ் முகடு (சிக்னல் மிக எழும்பும் அதிர்வெண்) 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஊசி மாதிரி நிற்கிறது. என் ஸ்ட்ராட் கிட்டார் அப்படிக் காதைக் கூசவில்லையே?

பிக்கப்பைத் தனியாக விட்டிருக்கிறீர்கள். காயிலின் இண்டக்டன்ஸ் 2.4 ஹென்றி, மின்தேக்கம் 110 பிக்கோஃபாரட் என்றால் 9.8 கிலோஹெர்ட்ஸ் வரத்தான் செய்யும். 500 பிக்கோஃபாரட் கேபிளைச் சேர்த்தால் 4.2 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். வால்யூம், டோன் பாட் (திருகி மாற்றும் மின்தடை) இரண்டும் 250 கே, ஆம்ப் 1 மெக் என்று சேர்த்தால் முகடு சுமார் 4 டெசிபல். பாட்களை 500 கே ஆக்கினால் 8 டெசிபல் பக்கம். அதற்கும் மேல் உலோக மூடியிலும் துருவங்களிலும் சுழல் மின்னோட்ட இழப்பு உண்டு. காயிலுக்குப் பக்கத்தில் பேரலலாக ஒரு மின்தடை வைத்தால் தொடக்கத்துக்குப் போதும். அளந்த வளைவோடு ஒத்துப்போகும்வரை அதை மாற்றிக்கொண்டே வாருங்கள்.

ஒன்றின்மேல் ஒன்றாகக் காயில் வைத்த ஸ்டாக் வகைக்கு இதே மாடல் போதுமா?

போதாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் காயில்களின் பரஸ்பர இண்டக்டன்ஸ் (ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏற்படுத்தும் தூண்டல்) சிறியது, மொத்தத்தோடு கூடும். ஸ்டாக்கில் அது பெரியது, கழியும். 2 ஹென்றி காயில்கள் இரண்டு, இணைப்புக் கெழு 0.3 என்றால் மொத்தம் 4 அல்ல, 2.8 ஹென்றிதான். கெழுவுக்கு மைனஸ் போடுங்கள், அல்லது ஒரு காயிலைத் தலைகீழாக்குங்கள். காந்தத் தண்டுகள் இரண்டு காயிலையும் துளைத்துப் போகும் வகையானால், கீழ்க் காயிலின் சிக்னலைச் சிறியதாக, எதிர்த்திசையில் வையுங்கள்.

சிங்கிள் காயிலோடு டம்மி காயில் (ஹம்மை மட்டும் பிடிக்கும், காந்தம் இல்லாத காயில்) சேர்த்தால் சத்தம் மந்தமாகிறதே?

டம்மியின் இண்டக்டன்ஸும் வரிசையில் சேர்வதால் ரெசனன்ஸ் இறங்குகிறது. டம்மியைப் பரந்ததாகச் சுற்றுங்கள். ஹம் பரப்பையும் சுற்றையும் பெருக்கிய அளவில் வருவதால், பரப்பு 4 மடங்கானால் கால்வாசிச் சுற்று போதும். அதே வடிவத்தில் பெரிதாக்கினால் இண்டக்டன்ஸ் எட்டில் ஒரு பங்காகிவிடும். மாடலில் டம்மிக்குச் சிக்னல் மூலம் பூஜ்யம், ஹம் மூலம் மட்டும் எதிர்த்திசையில்.