பழங்கால யூதர்கள் தசமபாகத்தை எப்படிக் கொடுத்தார்கள்?

சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கைப் பெட்டியில் போடுவதையே இன்று தசமபாகம் என்கிறோம். பழைய இஸ்ரவேலில் அது விளைச்சலுக்கும் மந்தைக்கும் உரியது. முதல் பங்கு, ஆலயப் பணி செய்த, சொந்த நிலம் இல்லாத லேவியர் என்ற கோத்திரத்தாருக்கு. அவர்கள் அதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்கு, அதாவது பலி செலுத்தும் குருமார்களுக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவதாக எடுக்கும் பத்தில் ஒரு பங்கு. அதை எருசலேமுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட வேண்டும். தூரம் அதிகமா? சரி, விற்றுக் காசாக்கி, அங்கே போய் விரும்பியதை வாங்கிச் சாப்பிடலாம் என்கிறது பைபிளின் உபாகமம் நூல், 14ஆம் அதிகாரம். யூத மத அறிஞர்களான ரபிகளின் கணக்குப்படி, ஏழாண்டுச் சுழற்சியில் 3, 6 ஆம் ஆண்டுகளில் அந்தப் பங்கு ஏழைகளுக்குப் போனது. 7 ஆம் ஆண்டு நிலத்துக்கே ஓய்வு. விளைச்சலில் தசமபாகமும் இல்லை.

மந்தையில் குட்டிகளைக் கோலின் கீழ் ஒவ்வொன்றாக விட்டு எண்ணுவார்கள். பத்தாவதாக வருவதே தசமபாகம்; அது கொழுத்ததோ நோஞ்சானோ, மாற்றக் கூடாது.