கம்பி மண்ணுக்குள் போகுமுன்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் தெருவில் கரண்டு போஸ்ட்டுகளை எடுத்துவிட்டு மண்ணுக்கடியில் கேபிள் போடப்போகிறார்கள். குழி எவ்வளவு ஆழம் வேண்டும்? நாங்கள் எதைக் கவனிக்கலாம்? (வாசகர், குழித்துறை)

பதில்: ஐ.எஸ். 1255 என்ற இந்தியத் தரநிலையின்படி வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்த கேபிளுக்கு 75 செ.மீ., 11 கிலோவோல்ட்டுக்கு 90 செ.மீ., 22, 33 கிலோவோல்ட்டுக்கு 105 செ.மீ. வேண்டும். இது குழியின் ஆழம் அல்ல, கேபிளின் மேல்பக்கத்திலிருந்து தரை வரை உள்ள அளவு. கேபிளின் பருமனையும் அடியில் விரிக்கும் மணலையும் கூட்டினால், 11 கிலோவோல்ட் குழியை ஒரு மீட்டருக்கும் கூடுதலாகத் தோண்டியாக வேண்டும். சாலையைக் கடக்கும் இடத்தில் குழாய்க்குள் விட்டு, மேலே ஒரு மீட்டர் மண் இருக்கும்படி கொண்டுபோக வேண்டும்.

உங்கள் பக்கத்துச் சிக்கல் வெட்டுக்கல் (செம்பாறை). இரண்டடி தோண்டியதும் பாறை தட்டும், அதோடு நிறுத்திவிடத் தோன்றும். அப்படி மேலாகப் போட்ட கேபிளில்தான் பின்னாளில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுபவரின் கடப்பாரை இறங்குகிறது. தோண்டிய கல்மண்ணையே திரும்பத் தள்ளினாலும் கேடுதான். கூரான கல் மேலுறையைக் குத்தினால் உள்ளே ஈரம் போய், கவசக் கம்பி துருப்பிடிக்கும். கேபிளுக்குக் கீழே 8 செ.மீ., மேலே 8 செ.மீ. சலித்த மணல், அதன்மேல் செங்கல் அல்லது சிமென்ட் பலகை, அதற்கும் மேலே எச்சரிக்கை நாடா என்று அடுக்கு வர வேண்டும். மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் அடுக்கடுக்காகத் திமிசு போட்டால்தான் இடவப்பாதி மழையில் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) சாலை உட்காராது.

11 கிலோவோல்ட்டுக்கான 300 சதுர மி.மீ. மூன்று கோர் (மூன்று கடத்திகள் கொண்ட) கேபிள் ஏறக்குறைய 8 செ.மீ. பருமன் இருக்கும். வளைவின் ஆரம் அதைப்போல் 15 மடங்காவது, அதாவது 120 செ.மீ. இருக்க வேண்டும். தெருமுனையில் செங்கோணமாக மடக்கினால் உள்ளே காப்பு நெரிந்துபோகும். டிரம்மிலிருந்து இறக்கும்போது உருளைகள் மேல் ஓட்ட வேண்டும், தார்ச்சாலையில் இழுக்கவே கூடாது.

குழி மூடுமுன் அளவுநாடாவோடு படம் எடுத்து வையுங்கள். மதிலிலிருந்து கேபிள் எத்தனை அடி, கேபிள் துண்டுகளைச் சேர்த்த இணைப்பு எந்த வீட்டின் முன்னால் என்று எழுதிவைத்த தாள் ஒன்று தெருவில் யாரிடமாவது இருக்கட்டும். பில்லர் பாக்ஸின் (வீடுகளுக்கு மின்சாரம் பிரியும் தெருவோரப் பெட்டி) பீடம் ஆற்றுவெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் குழித்துறைத் தாமிரபரணி ஓரத்தில் இதை விடவே கூடாது.

கேள்வி: புதைத்து இரண்டு வருடத்துக்குள் பழுது வந்தால் கேபிள் தரமில்லை என்று அர்த்தமா? (வாசகி, களியக்காவிளை)

பதில்: முதலில் சந்தேகிக்க வேண்டியது இரண்டு கேபிள் துண்டுகளைச் சேர்த்த இணைப்பை. ஒரு டிரம்மில் சில நூறு மீட்டர்தான் வரும், அதனால் நீண்ட பாதையில் இணைப்பைத் தவிர்க்க முடியாது. கறுப்பான குறைகடத்தி அடுக்கை உரிக்கும்போது கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டாலும் கீழேயுள்ள வெள்ளைக் காப்பில் கீறல் விழும். அந்தக் கீறலில் மின் அழுத்தம் குவிந்து, மாதக்கணக்கில் அரித்து, ஒருநாள் வெடிக்கும். துடைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வெட்டுமுனையிலிருந்து கறுப்பு அடுக்கை நோக்கித்தான் துடைக்க வேண்டும். திருப்பித் துடைத்தால் கறுப்புத்தூள் காப்பில் ஒட்டி மின்னுக்கு வழி போட்டுவிடும். வியர்வையும் சாரலும் இதே கேட்டைச் செய்யும். ஆகவே மழையில் இணைப்பு வேலை வேண்டாம், தவிர்க்க முடியாவிட்டால் கூடாரம் கட்டாமல் தொடவேண்டாம். அரைகுறையாக நிற்கும் முனையை மூடியிட்டு அடைக்காமல் ஓர் இரவு விட்டால்கூட ஈரம் கடத்திவழியே உள்ளே ஏறும். இணைப்பின் இருபுறமும் இரண்டு மூன்று மீட்டர் கேபிளைக் கூடுதலாக வளைத்து வைத்திருந்தால், பிறகு வெட்டி மறுபடி இணைக்க இடமிருக்கும்.

கேள்வி: ஒக்கி புயலில் பட்ட பாடு மறக்கவில்லை. தென்னையும் அயனியும் நிறைந்த எங்கள் ஒற்றையடிச் சந்துக்கும் புதைகேபிள் கேட்கலாமா? (வாசகர், அருமனை)

பதில்: 2014 ஹுட்ஹுட் புயலுக்குப் பிறகு விசாகப்பட்டினத்தில் மின்கம்பிகளை மண்ணுக்குள் கொண்டுபோனார்கள். நெருக்கமான நகரத்துக்கு அது சரியான முடிவு. உங்கள் சந்துக்கு, உறை போட்டு முறுக்கிய வான்வழிக் கேபிளே போதும் என்பது எங்கள் கருத்து. மட்டை உரசினால் பொறி பறக்காது, செலவும் குறைவு, பழுதும் கண்ணுக்குத் தெரியும். மரமே சாய்ந்தால் அதுவும் அறுந்துவிழும் என்பது உண்மைதான். ஆனால் மரங்கள் நெருங்கி நிற்கும் விளையோரத்தில் குழி தோண்டினால் வேர்கள் வெட்டுப்பட்டு, அடுத்த காற்றில் மரம் வீட்டின்மேல் சாயக்கூடும்.

புதைகேபிளில் பழுது வந்தால், அதிர்வலைக் கருவியால் இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, இணைத்து, சோதித்து முடிக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இருபுறமிருந்தும் மின்சாரம் வரும் வளையமாக அமைத்து, நடுநடுவே சுவிட்ச் பெட்டி வைத்திருந்தால் பழுதான துண்டை மட்டும் விலக்கிவிட்டு மற்றவர்களுக்குக் கரண்டு கொடுக்கலாம். புதைகேபிள் கேட்பவர்கள் இந்த வளையத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: புதைகேபிளுக்கு மாற்றிய பிறகு எங்கள் த்ரீ பேஸ் போர்வெல் மோட்டாரில் தண்ணீர் குறைந்துவிட்டது. (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: பெரும்பாலும் பேஸ் வரிசை மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. நீர்மூழ்கி மோட்டாரில் இது கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் மட்டும் மெலிந்து வரும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்தபின் ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு பேஸ் வயரை இடம் மாற்றச் சொல்லுங்கள். மாவு மில், ரப்பர் ஷீட் அடிக்கும் மோட்டார் வைத்திருப்பவர்கள் பட்டையைக் கழற்றிவிட்டுச் சுழற்சியைப் பார்த்த பிறகே ஓட்டவேண்டும். சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் விளக்குகள் ஒரு வீட்டில் கண்கூசும்படி எரிந்து அடுத்த வீட்டில் மங்கினால், பில்லர் பாக்ஸில் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.