நீலகிரி மலை ரயில் பாதையில் எந்தப் பழைய நிலையத்தை அவசியம் பார்க்க வேண்டும்?

ஹில்குரோவ் என்றுதான் சொல்வேன். குன்னூரும் உதகமண்டலமும் பெரிய நிலையங்கள், அழகானவையும்கூட. ஆனாலும் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே காட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் இந்தச் சின்ன நிலையத்தில்தான் மலை ரயில் படும் பாட்டை அருகில் நின்று பார்க்க முடியும்.

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. உதகை வரை அது எட்டியது 1908-இல். 46 கிலோமீட்டருக்குள் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் கடுமையாகும். மிகச் செங்குத்தான இடங்களில் சுமார் 12 மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் உயர வேண்டும். வெறும் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் தண்டவாளங்களின் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். இஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி மேலே போகிறது. இஞ்சின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளுவதால், பெட்டிகளின் முன்மேடையில் கொடியுடன் பிரேக்ஸ்மேன்கள், அதாவது பிரேக் போடும் பணியாளர்கள், நின்று வருவார்கள். நூற்றாண்டு கடந்தும் இந்த ஏற்பாடு மாறவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இப்படி ஏறும் நீராவி இஞ்சினுக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துகொண்டே வரும். ஹில்குரோவில் ரயில் நிற்பது முக்கியமாக அதற்காகத்தான். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் இறங்கி நடக்கலாம். எல்லோரும் டீக்கு ஓடுவார்கள். நீங்கள் நேராக இஞ்சின் பக்கம் போங்கள். சிலிண்டர்கள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கில் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு ஜோடி சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. அங்கே வேலை முடித்த நீராவி வீணாகாமல் அடுத்த ஜோடிக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த வடிவமைப்பு இது. பிற்காலத்தில் நம் பொன்மலைப் பணிமனையிலும் இந்த இஞ்சின்களைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டத்தோடு இறங்காதீர்கள். படம் எடுக்கும் ஆசையில் தண்டவாளம் வழியே நடந்து போய்விடவும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம், போதாததற்கு யானைகள் நடமாடும் காடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் இந்தப் பகுதியில் ரயில் அடிக்கடி ரத்தாகும், அதையும் பார்த்துத் திட்டமிடுங்கள்.

முக்கியமான ஒன்று: டிக்கெட் கிடைக்கவில்லை என்று பலர் குன்னூரிலிருந்து உதகைக்கு மட்டும் போய்வருகிறார்கள். அது இனிமையான பயணம்தான். ஆனால் குன்னூருக்கு மேலே டீசல் இஞ்சின்தான் இழுக்கிறது, பற்பட்டையும் கிடையாது. ஹில்குரோவோ குன்னூருக்குக் கீழே இருக்கிறது. ஆகவே சில வாரங்கள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயிலுக்கே முன்பதிவு செய்யுங்கள்.