அப்பா தூங்கிய பிறகு எதற்கு?

கேள்வி: கிளீவ்லாந்து அருகே பார்மாவில் இருக்கிறோம். எண்பதுகளில் வெள்ளிக்கிழமை இரவு சேனல் 8-இல் பேய்ப்படம் போட்டு நடுநடுவே கலாட்டா செய்யும் 'பிக் சக் – லில் ஜான்' நிகழ்ச்சியை அப்பா விஹெச்எஸ்ஸில் பதிவு செய்து வைத்தார். நாற்பது கேசட்டுகள் பேஸ்மென்ட்டில் கிடக்கின்றன. சதாபிஷேகத்துக்கு சர்ப்ரைஸாகக் கொடுக்க, அவர் தூங்கிய பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். படம் குதிக்கிறது, போகப்போக சத்தம் தனியே விலகுகிறது. தங்கை யூடியூபில் போடச் சொல்கிறாள். என்ன செய்வது?

பதில்: 'அவர் தூங்கிய பிறகு' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வில்லங்கமே அங்கேதான். டி-120 என்ற சாதாரண கேசட்டில் இபி என்ற மிக மெதுவான வேகத்தில் பதிவு செய்திருந்தால் ஆறு மணி நேரம். நாற்பதுக்கு 240 மணி. கேசட் ஓடுகிற வேகத்தில்தான் ஏற்ற முடியும், குறுக்கு வழி கிடையாது. எண்பது வயதுக்காரர் மேலே படுத்திருக்க, அவர் ரசித்ததை 240 மணி நேரம் கீழே நீங்கள் மட்டும் பார்ப்பீர்களாக்கும்! பெற்றவருக்குச் செய்வதில் ஒளிவுமறைவு எதற்கு? விழாவில் பென்டிரைவை நீட்டினால் நாலு பேர் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் உங்களுக்கு, அவருக்கல்ல.

அவரில்லாமல் வேலையும் நடக்காது. இபி பதிவில் வீடியோத் தடம் மிகக் குறுகல். பதிவு செய்த டெக்குக்கும் (கேசட் ஓட்டும் கருவி) இப்போது ஓட்டும் டெக்குக்கும் இம்மி வித்தியாசம் இருந்தாலும் படம் குதிக்கும். தடத்தோடு பொருத்தும் டிராக்கிங் குமிழைத் திருகிப் பாருங்கள். சரியாகாவிட்டால் பதிவு செய்த அதே டெக்தான் வேண்டும். அது கராஜில் இருக்கிறதா, யாருக்காவது கொடுத்தாரா என்று அவரைத்தானே கேட்க வேண்டும்? கிடைத்ததும் நல்ல கேசட்டைப் போட்டுவிடாதீர்கள். ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் டேப்பை மென்றுவிடும். வேண்டாத கேசட் ஒன்றை முழுக்க ஓட்டி, வெளியே வருகிறதா என்றும் பாருங்கள்.

பேஸ்மென்ட் ஈரம் பொல்லாதது. கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள்: சுருளின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் டெக்கில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும். தனியே எடுத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றில் முதுகுப்பக்க பிளாஸ்டிக் தடுப்பு இருந்தால் உடைத்துவிடுங்கள், கை தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் அழியாது. ஒருமுறை கடைசிவரை வேகமாகச் சுற்றி, திரும்பச் சுற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

சத்தம் விலகுவதற்குக் காரணம், பழைய டேப்பின் சிக்னல் சீராக வராததால், அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் கேப்சர் கருவி சில பிரேம்களைத் தவறவிடுவது. டெக்குக்கும் கருவிக்கும் நடுவே, சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வையுங்கள். பட அளவு 720×480, நொடிக்கு 29.97 பிரேம், ஒரு வரி விட்டு ஒரு வரியாக வரும் இன்டர்லேஸ் முறை, எல்லாம் அப்படியே இருக்கட்டும். DV என்ற டிஜிட்டல் வீடியோ ஃபார்மட்டில் மணிக்குச் சுமார் 13 ஜிபி, மொத்தம் மூன்று டெராபைட்டுக்கு மேல். 4 டிபி டிரைவ் இரண்டு வாங்கி, ஒன்றைத் தங்கை வீட்டில் வையுங்கள்.

படம் வரும் இடத்தை ஓட்டித் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள், நடுவே வரும் விளம்பரங்களும் அந்தக் காலத்தவைதான். படங்கள் எங்கும் கிடைக்கும். தொகுப்பாளர் பேச்சுதான் எளிதில் கிடைக்காது. அதே சேனலில் 1963 முதல் 1966 வரை இதேபோல் பேய்ப்பட நிகழ்ச்சி நடத்திக் கிளீவ்லாந்தையே ஆட்டிவைத்தார் கூலார்டி என்ற எர்னி ஆண்டர்சன். நேரலை என்பதால் இன்று அவர் நிகழ்ச்சியில் மிஞ்சியது துணுக்குகள்தான். பிக் சக்குக்கு அந்தக் கதி வராமல் காத்ததில் உங்கள் அப்பா போன்றவர்கள் வீட்டு டெக்குக்கும் பங்குண்டு.

யூடியூப் பேச்சு இப்போது வேண்டாம். படத்துக்கும் நிகழ்ச்சிக்கும் உரிமையாளர்கள் உண்டு.

இந்த வெள்ளிக்கிழமை அவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் கேசட்டை அவரே எடுத்துக் கொடுக்கட்டும். ஓடும்போது யார், என்ன வருடம் என்று அவர் சொல்வதை நோட்டில் எழுதுங்கள். லேபிளில் இல்லாத விவரமெல்லாம் அவர் வாயில்தான் வரும். விழாவுக்குள் நாற்பதும் முடியாது. முடியாவிட்டால் போகட்டும். அவரால் படி இறங்க முடியாது என்றால் டெக்கை மேலே தூக்கி வாருங்கள்.