தாளம் ரத்தத்தில் இருக்கிறதா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்க இசை பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். சமையலிலும் சாவு வீட்டிலும்கூட அங்கே பாட்டும் ஆட்டமும் உண்டு என்றீர்கள். தாளம் அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று தோன்றியது. சரிதானா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

பாராட்டாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ரத்தம் என்று சொன்னதும் அவர்கள் கற்ற பாடமெல்லாம் கணக்கில் வராமல் போய்விடுகிறது. 54 நாடுகள் கொண்ட கண்டத்தை ஒரே வாக்கியத்தில் அடக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டை மட்டும் சொல்கிறேன்.

அங்கே ஃபூஃபூ என்ற உணவுக்காக இடிப்பார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் உரலில் போட்டு ஒருவர் நின்றுகொண்டு இடிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உலக்கை மேலே போகும் அந்த நொடியில் ஈரக்கையை உள்ளே விட்டு, இடிபட்டதைத் திருப்பிப் போடுவார். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். முதுகில் துணியால் கட்டிய குழந்தையோடு வேலை செய்யும், ஆடும் பெண்கள் அங்கே ஏராளம். நடை பழகும் முன்பே பிள்ளைக்கு அம்மாவின் முதுகில் பாடம் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் வேலைக்காகத்தான் தாளமா என்று கேட்பீர்கள். 1975இல் ஜேம்ஸ் கோட்டிங் என்ற இசை ஆய்வாளர், தலைநகர் அக்ரா அருகே லெகோனில், கானா பல்கலைக்கழக அஞ்சலகத்தில் ஒலிப்பதிவு செய்தார். இரண்டு ஊழியர்கள் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறார்கள். கடிதத்தைத் தட்டி இழுப்பது மெல்லிய சத்தம். முத்திரையை மையில் ஒற்றுவது கனத்த சத்தம். தாளில் குத்துவது உச்சமான சத்தம். ஒரு கடிதத்துக்கு ஒரு குத்து போதும். அவர்களோ தாளம் நிறைவதற்காக மையில் பலமுறை ஒற்றுகிறார்கள், ஒரே கடிதத்தில் பலமுறை குத்துகிறார்கள். வேலை தாமதமாகத்தான் ஆகிறது! மூன்றாமவர் கையில் கத்தரிக்கோல். எதையும் வெட்டவில்லை, தாளத்துக்காக வெறுமனே ‘க்ளிக் க்ளிக்’ என்று மூடித் திறக்கிறார். நான்காமவர் சீட்டியடிக்கிறார். அது கானா இசையமைப்பாளர் ஒருவர் இயற்றிய தேவாலயப் பாடல்.

மேடை இல்லை, பார்வையாளர் இல்லை. நாள் முழுக்கச் செய்தாக வேண்டிய சலிப்பான வேலையை நான்கு பேர் தங்களுக்குப் பிடித்த ஒன்றாக மாற்றிக்கொள்கிறார்கள். எனக்கு இது பெரிய கச்சேரிகளுக்குச் சற்றும் குறைந்ததில்லை.

அந்தப் பதிவு கிடைத்தால் கேளுங்கள். முதலில் சீட்டியொலிதான் காதில் விழும். அதை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். எனக்கு ஐந்தாறு முறை கேட்ட பிறகே பிடிபட்டது.