துறவி பீட் பிறர் எழுதியதைத் தொகுத்தவர்தானே, அவரை ஏன் பேரறிஞர் என்கிறார்கள்?

கல்லூரியில் வரலாறு படிக்கிறீர்கள், ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் வாழ்ந்த பீட் என்ற துறவியை ஏதோ ஒரு கையேட்டில் 'தொகுப்பாளர்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பல வருடங்களாக வடகிழக்கு இங்கிலாந்தில் நியூகாசிலில் இருக்கிறேன். பீட் வாழ்ந்த ஜாரோ இங்கிருந்து மெட்ரோ ரயிலில் போகிற தூரம்தான். ஏழு வயதில் வேர்மவுத் மடத்தில் விடப்பட்ட பீட், அப்புறம் ஜாரோ மடத்திலேயே வாழ்ந்து 735-இல் இறந்தார். அங்கே தேவாலயத்தில் வளைவுக்கு மேலே ஒரு கல் பதித்திருக்கிறது. 685 ஏப்ரல் 23-இல் கோயில் அர்ப்பணிக்கப்பட்டதாக லத்தீனில் வெட்டியிருக்கிறார்கள். பீட் சிறுவனாக இருந்தபோதே வெட்டிய கல் அது. கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன்.

ஆறு மாதம் படித்து, அவரைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுத்தேன். எதை எங்கே எடுத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு போட்டிருந்தேன். மலர் வந்தபோது குறிப்புகள் இல்லை, என் பெயரும் இல்லை. கேட்டதற்கு, "நீங்களும் அங்கே இங்கே படிச்சு எழுதினதுதானேக்கா, இதெல்லாம் பொதுச் சொத்து" என்றார்கள். சில மாதம் கழித்து அதில் ஒரு பத்தி மட்டும் 'படித்ததில் பிடித்தது' என்று வாட்ஸ்அப்பில் எனக்கே வந்தது. பீட் சாகும் முன் தன் பெட்டியில் இருந்த மிளகையும் தூபத்தையும் மற்ற குருக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார் என்ற பத்தி. மிளகு இந்தியாவிலிருந்து போனதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் உழைத்த உழைப்பை விட்டுவிட்டு மிளகை மட்டும் எடுத்துக்கொண்டார்களே என்று அன்று அழுதேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? லூக்கா நற்செய்திக்கு உரை எழுதியபோது அம்புரோஸ், அகுஸ்தீன், ஜெரோம், கிரகோரி ஆகிய பழைய திருச்சபை அறிஞர்களிடமிருந்து நிறைய எடுத்தார். யாருடைய வாக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய, ஓரத்தில் அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளைக் குறித்தார். முன்னோர் சொன்னதைத் திருடித் தன்னுடையதாகக் காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலை என்று அவரே எழுதியிருக்கிறார். படியெடுப்பவர்கள் அந்த எழுத்துகளை விட்டுவிட வேண்டாம் என்று கெஞ்சவும் செய்தார். பின்னால் வந்த பலர் விட்டுவிட்டார்கள். இதைப் படித்தபோது 1300 வருடத்துக்கு முந்தைய ஆள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சொந்தச் சரக்கும் உண்டு. 725-இல் எழுதிய காலக்கணிப்பு நூலில், ஒரே கரையில் தனக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் கடல் முன்னதாகவும் தெற்கே இருப்பவர்களுக்குப் பின்னதாகவும் ஏறி இறங்குகிறது என்கிறார். ஏட்டைப் பார்த்து மட்டும் எழுதக்கூடிய விஷயமா இது?

பீட் பெனடிக்டைன் துறவியே (புனித பெனடிக்ட் வகுத்த மடவிதிப்படி வாழ்பவர்) இல்லை என்று யாராவது பின்னூட்டத்தில் வரலாம். பீடின் மடத்தை நிறுவிய பெனடிக்ட் பிஸ்கோப் (இவர் வேறு பெனடிக்ட்) 17 மடங்களின் வழக்கங்களைப் பார்த்து விதி அமைத்தார், புனித பெனடிக்டின் விதிக்கு அதில் பெரிய இடம் இருந்தது. அதற்கு மேல் நான் வாதாட வரவில்லை. பீட் சொன்னதெல்லாம் சரி என்றும் சொல்லவில்லை, அற்புதக் கதைகளை நம்பி எழுதியவர்தான்.

நீங்கள் 731-இல் அவர் முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றின் முன்னுரையை மட்டும் முதலில் படித்துப் பாருங்கள். கேன்டர்பரி மடாதிபதி அல்பினஸ் என்ன சொல்லி அனுப்பினார், லண்டன் குரு நோத்தெல்ம் ரோமுக்குப் போய்த் திருத்தந்தையின் ஆவணக் காப்பகத்தில் எந்தக் கடிதங்களைத் தேடி எடுத்துவந்தார் என்று பெயர் பெயராகச் சொல்லி வைத்திருக்கிறார்.